‘கொஞ்சம் ஹெல்தியா பண்ணேன், அம்மா!’

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில் இப்போது எந்தப் பண்டமும் தன் சொந்தப் பொருளில் ஆவதில்லை. இட்லி என்றால் அதில் அரிசி இருக்கக் கூடாது. சொதி என்றால் தேங்காய்ப்பால் கூடாது. முறுக்கு எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கவே கூடாது. பாயசத்தில் சீனி கண்ணில் படக் கூடாது. இத்தனையும் போன பிறகு ருசி மட்டும் ஆச்சியின் கைப்பக்குவத்தில் அப்படியே இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை விதிக்கிறவர்களில் ஒருவராவது அடுப்படிக்குள் வந்து கரண்டி பிடித்ததுண்டா என்று கேளுங்கள். கிடையாது.

மகள் பெங்களூரில், மகன் சென்னையில். ஊருக்குக் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் குரல் வந்துவிடும். “யம்மா, பணியாரம் பண்ணுவேல்லா? அரிசி வேண்டாம், தினையில பண்ணு. வெல்லத்துக்குப் பதிலா பேரீச்சம்பழம் போடலாமாம், ஒருத்தி வீடியோ போட்டிருக்கா, அனுப்புதேன். கொஞ்சம் ஹெல்தியா பண்ணேன், அம்மா!” அனுப்புவாள். அந்த வீடியோவில் ஒரு பெண் நகச்சாயம் கலையாமல் நாலு கிண்ணத்தை ஒன்றாகக் கொட்டுவாள், கலக்குவாள், அடுத்த நொடி பண்டம் தட்டில் இருக்கும். மாவு ஊறிய நேரம், ஆட்டிய நேரம், புளித்த நேரம், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்த நேரம் எதுவும் அதில் இருக்காது. கடைசியில் ஒரு வாய் கடித்துக் கண்ணை மூடித் தலையாட்டுவாள். அவள் தலையாட்டியதற்கு நான் இங்கே முழங்கால் வலியோடு நிற்க வேண்டும்.

சத்தான சாப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். படித்துப் பார்க்காமல் பேச மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்றது. அதில் ஒருவர் எங்கள் வீட்டு ஈஸிசேரில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறவளும் நான்தான். என் ஆதங்கம் வேறு. பொருளை மாற்றினால் செய்முறை மாறும், செய்முறை மாறினால் அது வேறு பண்டம் ஆகிவிடும் என்ற சின்ன விஷயம் இந்த வீட்டில் யாருக்கும் ஏறவில்லை. வேறு பண்டத்தைப் பழைய பண்டத்தின் பெயரில் கேட்கிறார்கள். அது பழைய ருசியில் இல்லை என்றால் குறை என் கையில் என்கிறார்கள்.

இட்லியையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுக் கணக்கு நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கூட ஒரு ஸ்பூன் வெந்தயம். இதில் அரிசிக்கு ஒரு வேலை, உளுந்துக்கு ஒரு வேலை. உளுந்து ஆட்டும்போது வருகிற அந்த வழவழப்பு சும்மா வருவதில்லை. உளுந்தின் புரதமும் அதிலுள்ள ஒருவகைப் பிசினும் சேர்ந்து கொடுப்பது அது. மாவு புளிக்கும்போது லியூகோனாஸ்டாக் என்கிற நுண்ணுயிர் கரியமில வாயுவை விடுகிறது. வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. கொரகொரப்பாக ஆட்டிய புழுங்கல் அரிசி அதற்கு உடம்பு கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டில் அரிசியை உருவிவிட்டுக் குதிரைவாலியைப் போடு என்றால், போடலாம்தான். ஆனால் குதிரைவாலி பொடி மணி. அரிசி அளவுக்கு ஊற வேண்டாம், கிரைண்டரில் சட்டென்று நைசாகிவிடும், தண்ணீரைக் குறைக்க வேண்டும், உளுந்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். சித்திரை வெயிலில் ராத்திரி கரைத்து வைத்துவிட்டுத் தூங்கினால் விடியும்போது பொங்கி வழிந்து மேடையெல்லாம் மாவாக இருக்கும். இத்தனையும் கவனித்துப் பண்ணினால் நல்ல இட்லியே வரும், நான் மறுக்கவில்லை.

வந்து என்ன பிரயோஜனம்? மகன் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம இட்லி மாதிரி இல்லையே” என்பான். நீதானே நம்ம இட்லி வேண்டாம் என்றாய்! அவன் பிள்ளைக்கு அந்தச் சாம்பல் நிறமே பிடிக்காது. வெள்ளை இட்லி வந்தால்தான் வாய் திறக்கும். மருமகனுக்கு ரெண்டும் கலந்து. ஆக, இரண்டு மாவு, இரண்டு ஈடு, இரண்டு தடவை கிரைண்டர் கழுவல். வீட்டுப் பெரியவர் தட்டை நீட்டிக்கொண்டே, “ஏளா, இது சிறுதானியம்தானே, இன்னும் ரெண்டு வையி” என்பார். இங்கேதான் எனக்குத் தலை கிறுகிறுக்கும். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். சாமையிலும் வரகிலும் 66 கிராம் போல. வித்தியாசம் உண்டு. ஆனால் நாலு இட்லி தின்கிறவர் சிறுதானியம் என்ற தைரியத்தில் ஆறு தின்றால், மிச்சம் பிடித்ததும் போய் அதற்கு மேலும் அல்லவா உள்ளே போகிறது! ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இது மட்டும் போட வராது.

இன்னொன்று. கடையில் வருகிற சாமையும் குதிரைவாலியும் பல நேரங்களில் முத்து முத்தாய்ப் பளபளவென்று வெள்ளையாக இருக்கின்றன. உமியை நீக்கினால் போதும், ஆனால் தவிட்டையும் சேர்த்துத் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். பூச்சி வராமல் நாள்பட இருக்கும், சீக்கிரம் வேகும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். எந்த நார்ச்சத்துக்காக அரிசியை விட்டோமோ அது தவிட்டோடு மில்லிலேயே நின்றுவிடும். பிறகு அதை மாவாக்கிக் கஞ்சி வைத்தால் அரிசிக்கஞ்சி போகிற வேகத்திலேதான் ரத்தத்தில் சர்க்கரையாகப் போய்ச் சேரும். மங்கலாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கிற தானியம்தான் வாங்க வேண்டும். அதைக் கொண்டுவந்தால் ‘இது பழசு போல இருக்கே’ என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதை முன்மொழிந்தது இந்தியாதான். அந்த வருஷம் எங்கள் சம்பந்தியம்மா எனக்குப் பரிசளித்த சத்துமாவு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். முன்னால் ஒன்பது தானியங்களின் படம். பின்னால் பொருள் பட்டியலில் இரண்டாவதாகச் சர்க்கரை. பாக்கெட்டில் எழுதும்போது அதிகமாக உள்ளதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, சம்பந்தியம்மா ஆயிற்றே.

அடுத்தது இந்த வெல்லப் பைத்தியம். சீனி விஷம், வெல்லம் அமிர்தம், கருப்பட்டி அமிர்தத்திலும் அமிர்தம், நாட்டுச்சர்க்கரை போட்டால் சுகர் ஏறவே ஏறாது. யார் சொன்னது? நூறு கிராம் சீனியில் 400 கலோரிக்கு ஒட்டி இருக்கிறது. வெல்லத்தில் 350-க்கும் 385-க்கும் இடையில். இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். வெல்லத்தில் இரும்பும் வேறு சில தாதுக்களும் கொஞ்சம் உண்டு, மணம் உண்டு, அந்த மணத்துக்காகவே நான் அதற்கு அடிமை. ஆனால் காப்பியில் போடுகிற ஒரு ஸ்பூனில் வருகிற இரும்பை வைத்து ஒன்றும் சாதிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, ஒரு நாளைக்கு நாம் சாப்பிடும் கலோரியில் இப்படிச் சேர்க்கிற இனிப்பு பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்; அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று. பாதி என்றால் நாள் முழுவதற்கும் ஆறு ஸ்பூன் போல. தேனும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் சீனி போட்டுக் காப்பி குடித்த காலத்தில் டம்ளருக்கு அரை ஸ்பூன் போட்டுக்கொண்டவர், நாட்டுச்சர்க்கரைக்கு மாறிய பிறகு கேட்பது ஒன்றரை ஸ்பூன். “இது ஒண்ணும் செய்யாதுளா.” செய்யும். மாத்திரையைக் கூட்டி எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

சத்துக் கணக்கை விடுங்கள், சமையல் கணக்குக்கு வருவோம். சேமியா பாயசத்தில் பால் கொதிக்கக் கொதிக்க வெல்லத்தைப் போட்டால் திரிந்துபோகும். வெல்லத்தில் லேசான அமிலத்தன்மை இருக்கிறது, பால் அதைத் தாங்காது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, அதுவும் ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு சூடு பண்ணக் கூடாது. பத்துப் பேர் வருகிற நாளில் பாயசத்தை ஆறவைத்துக் காத்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆச்சிமார் இதை எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள். சீனி என்றால் பால், வெல்லம் என்றால் தேங்காய்ப்பால். பாசிப்பருப்புப் பாயசம் அப்படித்தான் வந்தது; பக்கத்து மலையாள நாட்டின் அடைப்பிரதமனும் அப்படித்தான். வெல்லப் பாயசம் வேண்டும் என்றால் பாசிப்பருப்புப் பாயசம் கேள், சந்தோஷமாக வைத்துத் தருகிறேன். “அதுல தேங்காப்பால் இருக்கேம்மா, கொழுப்பு!” என்று பதில் வரும்.

தேங்காய்ப்பால் என்றதும் சொதி ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதிச் சாப்பாடு போடுவது எங்கள் திருநெல்வேலி வழக்கம். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், அரைத்த பச்சை மிளகாய், இஞ்சி. மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் பருப்போடு சேரும், முதல் பாலை ஊற்றி நுரை கட்டியதும் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவோம். காயும் பருப்பும் இத்தனை சேர்ந்த ஒரு குழம்பைச் சத்தில்லாதது என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ! போன தடவை மகள் ஒரு டப்பா பாதாம் பால் வாங்கி வந்து மேடையில் வைத்தாள். “இதுல பண்ணிப் பாரேன்.” பண்ணினேன். மஞ்சள் தண்ணீரில் காய்கள் மிதந்தன. எல்லாரும் மரியாதையாக ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, மிச்சத்துக்கு ரசம் கேட்டார்கள். கூடத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் ஒரு பாக்கெட் காலியாயிற்று. அதில் யாரும் கொழுப்பு பார்க்கவில்லை.

எண்ணெய், உப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரச்செக்கு நல்லெண்ணெயின் வாசம் எனக்கும் உயிர். ஆனால் எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான், செக்கில் ஆட்டியதால் எட்டாகாது. இந்துப்புக்கு மாறச் சொல்கிறார்கள்; அதுவும் சோடியம் குளோரைடுதான். சாதா உப்பில் கழலை வராமல் இருக்க அயோடின் சேர்க்கிறார்களே, அது இதில் போதிய அளவில் கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது எந்த உப்புக்கும் பொருந்தும். ஏர் ஃப்ரையர் என்று ஒன்று வந்து மேடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் சுட்ட உளுந்த வடை வெளியே காய்ந்தும் உள்ளே களியாகவும் இருந்தது. முறுக்கோ, மருமகனின் பல் வைத்தியருக்கு வருமானம்.

இனி அல்வா. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது.

திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுக்க வேண்டும். பாலை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் கெட்டியாகப் பால் நிற்கும். ஒரு பங்கு கோதுமைக்குச் சீனி இரண்டு பங்குக்குக் குறையாது, நெய் ஒரு பங்குக்குக் குறையாது. சீனியைக் கொஞ்சம் கருக்கிச் சேர்த்தால் நிறம் வரும். பிறகு கிண்டல்தான். துடுப்பை விடாமல், அடிப்பிடிக்காமல், பால் வெந்து கண்ணாடியாகி, குடித்த நெய்யை அதுவே திரும்பக் கக்கும்வரை கிண்ட வேண்டும். கையில் எடுத்தால் ஒட்டாமல் வழுக்கி ஓட வேண்டும். அந்தப் பதத்துக்கு மூன்று பேர் காரணம்: கோதுமைப்பாலின் மாவுச்சத்து, சீனிப்பாகு, நெய். ஒருவர் விலகினாலும் மற்ற இருவரால் சமாளிக்க முடியாது.

எங்கள் வீட்டு உத்தரவைக் கேளுங்கள். கோதுமைக்குப் பதில் ஓட்ஸ். சீனிக்குப் பதில் பேரீச்சம்பழ விழுது. நெய் ரெண்டு ஸ்பூன். மூன்று பேரையுமே வெளியே அனுப்பிவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டி வைக்கச் சொல்கிறார்கள். கிண்டினால் வருவது பேரீச்சம்பழக் களி. தின்னலாம், கெடுதல் இல்லை, குழந்தைகளுக்கு நல்லதும்கூட. அதைக் களி என்று சொல்லித் தந்தால் வாங்கித் தின்பார்களா? மாட்டார்கள். அல்வா என்று சொல்லித் தட்டில் வைக்க வேண்டும், வைத்த பிறகு ‘ஆச்சி பண்ணுற மாதிரி வரலையே’ என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். கேப்பையிலும் பால் எடுத்து வெல்லம் போட்டுக் கிண்டித் துண்டு போடலாம். கர்நாடகத்தில் ஹால்பாய் என்ற பெயரில் அப்படி ஒரு பண்டம் காலங்காலமாக இருக்கிறது. அருமையான பண்டம். அது யாருக்கும் மாற்றாக வரவில்லை, தன் பெயரில் தன் பதத்தில் நிற்கிறது. பெங்களூரிலேயே இருந்துகொண்டு என் மகள் அதை ஒருநாளாவது தேடித் தின்றிருப்பாளா? தின்றதில்லை. கேப்பை பிரவுனி தின்றிருக்கிறாள், படம் அனுப்பினாள்.

இதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். சத்தான பண்டம் நம்மிடம் இல்லாமலா இருந்தது? கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, கொஞ்சம் அரிசி சேர்த்து மாவாகத் திரித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டுகிற உளுந்தங்களி எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் பெரியவளானதும் கொடுப்பது. பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்போம். அதில் எதை எடுத்துவிட்டு எதைப் போட வேண்டும், சொல்லுங்கள்? தோலுளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று இவர்கள் வீடியோவில் தேடுகிற மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் கிண்டி உருட்டி வைத்தால், “ஐயே, கறுப்பா இருக்கு, வாயில ஒட்டுது” என்று பேத்தி ஓடுகிறாள், அவள் அம்மா பின்னாலேயே “வேண்டாம்னா விடும்மா, கட்டாயப்படுத்தாத” என்கிறாள். கேப்பைக்கூழும் அப்படித்தான். நூறு கிராம் கேப்பையில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது; அதே அளவு பாலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கூழாகக் காய்ச்சி மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்தால் வேலை மிச்சம், காசு மிச்சம், ருசிக்கும் குறைவில்லை. அதைக் குடிக்க ஆளில்லை. கேப்பையைக் கேக்காக்கு, குக்கியாக்கு, நூடுல்ஸாக்கு என்றால் மட்டும் கூட்டம் கூடுகிறது. அதில் போகிற வெண்ணெயையும் சாக்லெட்டையும் பார்த்தால் பாவம், கேப்பைதான் கெட்டுப்போயிற்று.

புழுங்கல் அரிசி என்று ஒன்று இருக்கிறதே, அதையாவது மரியாதையாக நடத்துகிறார்களா? 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியையே நம்பி இருந்தவர்களைப் பிடித்த நோய் அது, பி1 வைட்டமின் குறைவால் வருவது. அந்த ஒற்றை அறை வளர்ந்து 1958-ல் ஹைதராபாதுக்குப் போனது, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நெல்லை அவித்துக் காயப்போட்டுக் குத்தினால் தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி மணிக்குள்ளே இறங்கிவிடும், தீட்டினாலும் முழுசாகப் போகாது. மில் காலத்துக்கு முந்தியே நம் ஊரில் வீட்டு முற்றத்தில் நெல் அவித்தவர்கள் செய்துகொண்டிருந்தது அதுதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புழுங்கல் அரிசிச் சோறு வாசம் அடிக்கிறதாம், மோட்டாவாக இருக்கிறதாம். பச்சரிசிச் சோறும் பாஸ்மதியும் தின்றுவிட்டு, அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக என்னைத் தினையில் பணியாரம் சுடச் சொல்கிறார்கள்.

மாற்றவே கூடாது என்று அடம் பிடிக்கிறவளும் அல்ல நான். மாற்றக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன, கேட்கத்தான் ஆளில்லை. அடையை எடுங்கள். நாலு பருப்பு சேர்ந்த கொரகொரப்பான மாவு, புளிக்க வேண்டாம், பொங்க வேண்டாம். அரிசியில் பாதியைக் கழித்துச் சாமையைப் போட்டாலும் அடை அடையாகவே இருக்கிறது. ஒரு கை முருங்கைக்கீரையை உருவிப் போட்டால் இன்னும் விசேஷம். வெண்பொங்கலுக்கு வரகு ஒத்துப்போகும், பாசிப்பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு மிளகைக் கூட்டினால் போதும். உப்புமாவில் ரவையை விட்டுச் சாமைக்கு வந்தால் எனக்கே பிடித்திருக்கிறது. தயிர் சாதத்தைக் குதிரைவாலியில் குழைய வைத்துக் கடுகு தாளித்துக் கொடுங்கள், நான் சொல்லாமல் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். குழைந்து நிற்பதும் வெந்து சேர்வதும்தான் வேலை என்றால் எந்தத் தானியமும் அந்த வேலையைப் பார்க்கும். பொங்கி எழ வேண்டும், பாகு கட்ட வேண்டும், எண்ணெயில் மொறுமொறுக்க வேண்டும் என்று வருகிற இடத்தில்தான் ஆள் மாற்றம் செல்லாது. இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் விளக்கிச் சொன்னேன். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே “ம்” கொட்டினார்கள். சொல்லி முடித்ததும் மருமகன், “அத்தை, அப்ப ஜாங்கிரிய ஏர் ஃப்ரையர்ல பண்ண முடியுமா?” என்று கேட்டார்.

சத்து முழுவதையும் பண்டிகைப் பலகாரத்துக்குள் திணிக்கச் சொல்வதன் சூட்சுமம் எனக்குப் புரியாமல் இல்லை. தினமும் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துவது, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பது, வாரத்தில் நாலு நாள் கீரை தின்பது, சாயங்காலம் ரெண்டு தெரு நடந்துவிட்டு வருவது இதெல்லாம் அவரவர் செய்ய வேண்டிய வேலைகள். பலகாரத்தைச் சத்தாக்குவது அம்மா செய்ய வேண்டிய வேலை. எது சுலபம்? பெங்களூரில் வாரத்துக்கு மூன்று ராத்திரி வெளியே வாங்கித் தின்கிற பிரியாணிக்கும் பரோட்டாவுக்கும் யாரும் வரகில் பண்ணு என்று சொல்லி அனுப்புவதில்லை. கடைக்காரன் திருப்பிக் கேட்பான். நான் கேட்க மாட்டேன் என்று நினைத்துவிட்டார்கள்.

எனவே வீட்டாருக்கு அறிவிப்பது. வருகிற தீபாவளிக்கு அல்வா கோதுமைப்பால், சீனி, நெய் மூன்றிலும்தான். ஆளுக்கு ஒரு துண்டு. சர்க்கரை உள்ளவருக்கு அதில் கால் துண்டு, அதுவும் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொண்டால். மற்ற நாளில் கேப்பைக்கூழ், அடை, கீரை, புழுங்கல் அரிசிச் சோறு, நான் வைக்கிறபடி. ஓட்ஸ் அல்வாதான் வேண்டும் என்பவர்கள் முந்தின நாளே வந்துவிடலாம். சட்டியும் துடுப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். கிண்டிவிட்டுப் பாத்திரத்தையும் அவர்களே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும்.